பல் இடுக்கில் ரப்பரா, ஸ்பிரிங்கா, கம்பியா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பல்லுக்குக் கிளிப் போடுவதற்கு முன்னால், கடைவாய்ப் பற்களின் இடுக்கில் 8 நீல ரப்பர் வளையங்களை வைத்து அனுப்பினார் டாக்டர். அன்று ராத்திரியே வலி தொடங்கிவிட்டது. சோறு மெல்ல முடியவில்லை என்று அழுதாள். நேற்று, நாலாம் நாள், பார்த்தால் 7 தான் இருக்கிறது. ஒன்றைக் காணோம். அடுத்த தேதி தீபாவளி கழித்து, அதாவது ரப்பர் வைத்ததிலிருந்து 12ஆம் நாள். திருச்சியில் இருக்கும் அக்கா மகனுக்கு ஸ்பிரிங் மாதிரி ஒன்று வைத்தார்களாம். அவ்வளவாக வலிக்கவில்லை என்கிறான். நாங்களும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? எதுதான் நல்லது?
- ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: முதலில் அந்தக் காணாமல் போன ரப்பரைப் பார்த்துவிடுவோம். எது நல்லது என்பதை அப்புறம் பேசலாம்.

பெரும்பாலும் அது சாப்பிடும்போது கழன்று வெளியே விழுந்திருக்கும், அல்லது சோற்றோடு வயிற்றுக்குள் போயிருக்கும். வயிற்றுக்குள் போனால் பயமில்லை, மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. வளையம் முழுவதும் கீழே நழுவி, இரண்டு பற்களுக்கும் நடுவே ஈறுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம். வெளியே பார்த்தால் விழுந்துவிட்டது போலவே இருக்கும். சாதாரண ரப்பர் எக்ஸ்ரேயிலும் தெரியாது. அதனால்தான் டாக்டர்கள் பளிச்சென்ற நீலம், பச்சை நிறங்களில் வைக்கிறார்கள். உங்கள் மகளை வெளிச்சத்தில் உட்கார வைத்து, டார்ச் அடித்து அந்த இடுக்கைப் பாருங்கள். ஈறு ஓரத்தில் நீலம் தெரிகிறதா, அந்த இடம் மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஊசி, பல் குத்தும் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். நீலம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இன்றே டாக்டருக்குப் போன் செய்து, "8 வைத்தீர்கள், 7 தான் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு பையன் என்னிடம் வந்துகொண்டிருந்தான். 4 ரப்பர் வைத்து, ஒரு வாரத்தில் வரச் சொல்லி அனுப்பினேன். அந்த வாரம்தான், 2018 நவம்பர் 16ஆம் தேதி, கஜா புயல் அடித்தது. தென்னந்தோப்பு சாய்ந்து, கரண்ட் இல்லாமல், கூரை இல்லாமல் கிடந்த வீட்டில் பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள்? அவன் டிசம்பர் பாதியில்தான் வந்தான். வாயில் 3 ரப்பர்தான் இருந்தது. நாலாவது இருந்த இடத்தில் ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் வந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை மெல்ல விலக்கித் தேடித்தான் எடுத்தேன். இன்னும் சில வாரம் உள்ளே கிடந்திருந்தால் சீழ் பிடித்து, பல்லைத் தாங்கும் எலும்பையே கரைத்திருக்கும். எத்தனை ரப்பர், எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்பதை அதுவரை நான் வாயால்தான் சொல்லி அனுப்புவேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையின் சீட்டிலும் எழுதியே கொடுக்கிறேன்.

சரி, இந்த ரப்பர் எதற்கு? கிளிப் கம்பி பிடிமானம் பெறுவது கடைவாய்ப் பல்லைச் சுற்றி மாட்டும் உலோக வளையத்தில். அதைப் பேண்ட் என்போம். அதன் தகடு மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கூட இருக்காது. ஆனால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டி நிற்பவை. அந்தத் தகடு கூட நுழையாது. பேண்ட் உட்கார ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதை உண்டாக்கும் பொருளுக்குத்தான் செபரேட்டர் என்று பெயர். கூட்டமான டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் மற்ற இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வார்கள் இல்லையா, அப்படித்தான். பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மெல்லிய நார்த்திசு ஒன்று மெத்தை போல இருக்கிறது. பல் நகரும்போது ஒரு பக்கம் அந்த மெத்தை நசுங்கும். நசுங்கிய இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் ஊறும். வலி அதிலிருந்து வருகிறது. அதாவது வலி ரப்பரால் வருவதில்லை, பல் நகர்வதால் வருகிறது. எந்த வகையை வைத்தாலும் கொஞ்சமாவது வலிக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவது இதனால்தான்.

இனி வகைகளுக்கு வருவோம். உங்கள் மகளுக்கு வைத்திருக்கும் வளையம்தான் இன்று எங்கும் அதிகம் பயன்படுவது. இழுத்து மெல்லியதாக்கி இடுக்கில் நுழைப்போம். பாதி வளையம் பற்கள் ஒட்டும் இடத்துக்குக் கீழே, பாதி மேலே நிற்கும். விட்டதும் அது பழைய தடிமனுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த உந்துதல்தான் பல்லை விலக்குகிறது. இதன் பெரிய பலம், வைத்த இடத்தில் நிற்பது, இடைவெளியை நம்பகமாகத் தருவது. கன்னத்தையும் நாக்கையும் குத்தாது. வைக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் கடினம். பல் ரொம்ப இறுக்கமாக இருந்தால் பிள்ளை துள்ளிவிடும். பலவீனம் நான் மேலே சொன்னதுதான், ஈறுக்குள் நழுவும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருபோதும் வாயில் விடக்கூடாது.

அக்கா மகனுக்கு வைத்தது ஸ்டீல் ஸ்பிரிங். சின்னச் சுருள், அதிலிருந்து இரண்டு கால்கள். ஒரு கால் பற்கள் ஒட்டும் இடத்துக்கு மேலே, மறுகால் கீழே. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கப் பார்க்கும்போது நடுவில் பல் விலகும். வைப்பது சுலபம், எடுப்பது சுலபம், வைக்கும்போது வலி குறைவு. ரப்பர் நுழையவே மறுக்கும் இறுக்கமான பற்களுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் பல் விலகி வேலை முடிந்ததும் இதற்குப் பிடிமானம் தளர்ந்துவிடும். தானாகக் கழன்று விழும். தூக்கத்தில் விழுந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகிற ஆபத்து, சிறியதுதான் என்றாலும், உண்டு. சுருள் கன்னத்தை உரசவும் செய்யும். அதனால் இதைச் சில நாட்கள் மட்டுமே வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும். திருச்சிக்குள்ளேயே குடியிருந்து நாலு நாளில் டாக்டரைப் பார்க்கக்கூடிய பையனுக்கு அது பொருந்தும். 12 நாள் கழித்துத்தான் போக முடியும் என்றால் ஸ்பிரிங் உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

மூன்றாவது பித்தளைக் கம்பி. பழைய முறை. மென்மையான கம்பியை இடுக்கைச் சுற்றி வளைத்து, முறுக்கி, முனையை வெட்டி மடித்துவிடுவோம். வைக்கும்போதும் வலி, முனை நிமிர்ந்தால் கன்னத்திலும் குத்தும். சாதாரணமாக ரப்பர் போதுமான இடத்தில் இதை நான் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை. ஆனால் முளைக்கிற கடைவாய்ப் பல் முன்னால் இருக்கும் பால் பல்லில் மாட்டிக்கொண்டு மேலே வர முடியாமல் நின்றால், அதை விடுவிக்க இந்தக் கம்பிக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

எனவே என் பதில், மாற்ற வேண்டாம். ஏற்கெனவே நாலு நாள் ஆகிவிட்டது. வலியின் கடுமையான பகுதி முடிந்திருக்கும். ரப்பர் வைத்த நாலைந்து மணி நேரத்தில் தொடங்கும் வலி, முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்குவதுதான் வழக்கம். இப்போது எடுத்துவிட்டு வேறு வகை வைத்தால் அதே வலியைத் திரும்பத் தொடங்கி வைப்பதாக ஆகும். மாற்ற வேண்டியது தேதியைத்தான். 12ஆம் நாள் என்பது எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் ரப்பருக்கு ஐந்து முதல் ஏழு நாளே போதும். ஒன்று விழுந்தும்விட்டது. அந்த இடுக்கு சும்மா இருந்தால் பற்கள் மறுபடி நெருங்கிக்கொள்ளும். தீபாவளிக்கு முன்னாலேயே ஒரு நேரம் கேளுங்கள். இடைவெளி போதுமானதாக இருந்தால் அன்றே பேண்டும் மாட்டிவிடலாம்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். இப்போது பல டாக்டர்கள் கடைவாய்ப் பல்லில் பேண்ட் போடாமல், சின்ன உலோகக் குழாயைப் பசை வைத்து நேரடியாக ஒட்டிவிடுகிறார்கள். அதற்கு செபரேட்டரே தேவையில்லை. மேல் தாடையை அகலப்படுத்தும் கருவி போட வேண்டியிருந்தாலோ, அந்தப் பல்லில் பெரிய அடைப்பு இருந்தாலோ பேண்ட்தான் சரி. உங்கள் மகளுக்குப் பேண்ட் எதனால் என்று கேட்பதில் தவறே இல்லை.

வலிக்குப் பாரசிட்டமால் கொடுங்கள். 40 கிலோ எடை இருந்தால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். இப்யூபுரூஃபன் இந்த வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை நம் பக்கத்தில் டெங்குக் காலம். லேசாகக் காய்ச்சல் இருந்தால் கூட அதைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். மிதமான வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் ஈறுக்கு இதமாக இருக்கும்.

சாப்பாட்டில் குழைந்த தயிர் சாதம், வெண்பொங்கல், இட்லி, ரசம் சாதம் போதும். பலகாரம் செய்கிற வாரம் என்பதால் சொல்கிறேன், முறுக்கு, அதிரசம், கமர்கட் இவை ரப்பரைப் பிடுங்கிவிடும். திருவையாறு அசோகா அல்வா மெத்தென்று இருந்தாலும் ஒட்டும். ஒரு வாய் கொடுத்தால் பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பல் துலக்கலாம். ரப்பர் இருக்கும் இடுக்கில் மட்டும் நூல் விட வேண்டாம்.

உங்கள் மகளுக்குச் சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்திருந்தாலோ, இதய வால்வில் கோளாறு இருந்தாலோ, பலூன் ஊதினால் உதடு வீங்கும் ரப்பர் ஒவ்வாமை இருந்தாலோ, அதை டாக்டரிடம் பேண்ட் மாட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். ஒவ்வாமைக்கு லேடெக்ஸ் இல்லாத வளையம் கிடைக்கிறது. இதயக் கோளாறு என்றால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படலாம்.

போகிற அன்று காலையில் மறுபடி ஒரு முறை எண்ணுங்கள். 7 இருந்தால் 7 வெளியே வந்ததா என்று டாக்டர் எடுக்கும்போதே பக்கத்தில் நின்று எண்ணுங்கள். வீட்டில் விழுந்த ரப்பர் கையில் கிடைத்தால் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போங்கள்.