குன்னூரில் குருவிகளுக்கு வைக்கும் தானியம் மூன்று வாரத்தில் பூசணம் பிடிக்கிறது. நல்லதாகப் பார்த்து வாங்குவது, கெடாமல் வைப்பது எப்படி?

ஐந்து கிலோ கம்பு கட்டிதட்டிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். நான் இருப்பது கோத்தகிரி. என் கதை இதைவிட மோசம். ஒரு செப்டம்பரில் மேட்டுப்பாளையத்தில் விலை குறைவாக இருக்கிறதே என்று பதினைந்து கிலோ எடுத்துவந்து, சாக்கோடு சமையலறை மூலையில் சாத்தி வைத்தேன். ஐப்பசி மழை விட்டபிறகு தூக்கிப் பார்த்தால் மேல்பாதி மட்டும்தான் அசைந்தது. அடியில் இருந்ததெல்லாம் அடை மாதிரி தரையோடு ஒட்டியிருந்தது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்மேல் தப்பில்லை. தானியம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே மேட்டுப்பாளையத்தில் 12 சதவீத ஈரத்தோடு நன்றாக இருந்த கம்பு, இங்கே பத்து நாள் விடாமல் மிஸ்ட் இறங்கினால் பூசணத்துக்குத் தோதாகிவிடும். சூரியகாந்தி போன்ற எண்ணெய் வித்துக்கு அந்த 12 கூட அதிகம், 8 அல்லது 9-க்குள் இருக்க வேண்டும். அதனால் இப்போது இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும் அளவு வாங்குவதே இல்லை. உங்களுக்கும் எனக்கும் அக்டோபர், நவம்பர்தான் ஆபத்தான மாதங்கள். ஊட்டிக்காரர்களுக்கு ஜூனிலேயே ஆரம்பித்துவிடும்.

வாங்கும்போது பாக்கெட்டை நம்பாதீர்கள், சாக்கில் கையை விடுங்கள். உள்ளே சில்லென்று இருந்தாலோ, கையில் மாவுத்தூள் ஒட்டினாலோ வேண்டாம். தூள் இருந்தால் வண்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மணியைக் கடித்துப் பாருங்கள்: காய்ந்தது படக்கென்று உடையும், ஈரமானது பல்லில் நசுங்கும். சூரியகாந்தியை உடைத்து மோந்து பாருங்கள், சிக்கு வாடை வந்தால் பழசு. சந்தேகமாக இருந்தால் தோலோடு உள்ள தானியத்தில் இருபது மணியை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். குறைந்தது பதினைந்து மணி முளைவிட்டால் நல்ல சரக்கு. நம் குளிருக்கு ஓரிரு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

சாமை, தினையை உமியோடு கேளுங்கள். கடைக்காரர் 'அரிசியாவே இருக்குங்களே' என்று தீட்டியதை நீட்டுவார். உமி போனால் சீக்கிரம் சிக்கு அடிக்கும். சில்லைக் குருவிகள் உமியை அலகாலேயே நீக்கிவிட்டுத் தின்னும், நாம் உதவ வேண்டியதில்லை. புள்ளிப்புறா கம்பையும் சோளத்தையும் அப்படியே விழுங்கும். பட்டாணிக்குருவி ஒரு சூரியகாந்தி விதையைக் காலில் அமுக்கிப் பிடித்துக் கொத்தி உடைக்கிற அழகுக்காகவே அதைக் கொஞ்சம் வாங்கலாம். எண்ணெய்க்கு விற்கும் கறுப்பு விதையே போதும், தோல் மெலிசு. கொண்டைக்குருவி வரவில்லை என்று வருந்தாதீர்கள், அதற்கு வேண்டியது பழமும் பூச்சியும்.

இரண்டு பொருள் என் வீட்டுக்குள் வராது. ஒன்று, கோழிக்கு விற்கும் உடைத்த மக்காச்சோளம். உடைந்த மணியில் பூசணம் எளிதாக ஏறும். இன்னொன்று, விதைப்புக்கு வாங்கி மிச்சமான விதை. காய்கறி போடும் ஊர் என்பதால் இங்கே பல வீடுகளில் கிடக்கும். சிவப்போ பச்சையோ நிறம் பூசியிருந்தால் அது விஷ மருந்து. கழுவினாலும் வைக்கக்கூடாது.

சேமிப்பில் பெரிய வித்தை இல்லை. காகிதக் கவரில் வாங்கி வந்ததை அன்றே மாற்றிவிடுங்கள், காகிதம் ஈரத்தை இழுக்கும். வெயில் அடிக்கிற நாளில் மெல்லியதாகப் பரப்பி ஒரு நாள் காயவைத்து, நன்றாக ஆறியபிறகு இறுக மூடும் தகர டின்னில் போடுங்கள். சூட்டோடு மூடினால் டின்னுக்குள் வியர்த்துவிடும், இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வறுத்து ஆறவைத்த அரிசியைச் சின்னத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் கொஞ்சம் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். பழையது தீராமல் அதன்மேல் புதுசைக் கொட்டாதீர்கள். டின் தரையில் இருக்க வேண்டாம், பலகைமேல் இருக்கட்டும். பூச்சி உருண்டையை மட்டும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

டின்னை வெளிக் கொட்டகையில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எலி மட்டும் என்றால் சமாளிக்கலாம், நம் பக்கம் கரடி நடமாட்டம் உண்டே! வீட்டுக்குள்ளேயே வையுங்கள். தட்டிலும் காலையில் ஒரு கைப்பிடி போதும். சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிட்டுத் தட்டைத் துடைத்து வையுங்கள். மழை நாளில் நனைந்ததை அப்போதே கொட்டிவிட வேண்டும்.

அப்புறம், கெட்டுப்போன ஐந்து கிலோவை என்ன செய்வது? என் பதினைந்து கிலோவைப் பக்கத்து வீட்டு அக்கா கோழிக்குக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தது பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கால்தான். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு தெரியவந்ததே அதற்குப் பிறகுதான். அது வறுத்தாலும் முழுக்கப் போகாது, மாட்டுக்குப் போட்டால் பாலிலும் வரும். இதையெல்லாம் சொன்னபிறகும் அக்கா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தோட்டத்தின் ஓரத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன்.