பேராசிரியரும் மீனும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செர்பியக் கணிதவியலாளர் மிகைலோ பெட்ரோவிச் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். பாரிஸில் படித்த பேராசிரியர், வாழ்நாளெல்லாம் ஆற்றில் மீன்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். திறமையை வீணாக்கிவிட்டார் என்றே தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

– ஒரு கணித ஆசிரியை, மதுரை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1868இல் பெல்கிரேடில் பிறந்த பெட்ரோவிச், 1894இல் பாரிஸில் முனைவர் பட்டம் வாங்கி, அதே வருடம் ஊர் திரும்பிப் பேராசிரியரானார். 1895இல் தேர்வெழுதி, மீன்பிடித் தொழிலில் முறையான சான்றும் பெற்றார். பொழுதுபோக்குக்குத் தேர்வெழுதுகிறவர் எத்தனை பேர்!

தண்ணீரைக் கொண்டு சமன்பாடுகளுக்கு விடை காண அவர் செய்த 'ஹைட்ரோஇன்டகிரேட்டர்' கருவியைப் பாருங்கள். பாத்திரத்தில் தண்ணீர். அதற்குள் ஒரு திடப்பொருளைச் சீராக இறக்கினால் நீர்மட்டம் ஏறும். எவ்வளவு வேகமாக ஏறும் என்பது, அந்த நொடியில் நீர்மட்டத்தில் இருக்கும் அந்தப் பொருளின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அதாவது, தண்ணீர் தானாகவே ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு (ஓர் அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் சமன்பாட்டுக்கு) கட்டுப்பட்டு ஏறுகிறது. சமன்பாட்டுக்கு ஏற்றபடி பொருளின் வடிவத்தைக் கடைந்துவிட்டால் போதும், மட்டம் ஏறுவதைச் சுழலும் உருளையில் வரைகிற கோடுதான் விடை. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இதை 'உலகின் முதல் கணினி' என்று சிலர் சொல்வது மிகை. சக்கரமும் தட்டும் வைத்துத் தொகையிடும் கருவிகள் 1870களிலேயே இருந்தன. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்ததால்தான் இந்த யோசனை வந்தது என்று கதை கட்டவும் நான் தயாரில்லை. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நிகழ்வுகளுக்கு ஒரே கணித அமைப்பு பொருந்தும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆர்வம். 1911இல் அதைத் தனி நூலாகவே எழுதினார். தண்ணீரைச் சமன்பாடாகப் பார்த்தவருக்கு ஆறும் வகுப்பறையும் இரண்டு உலகங்களாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதெல்லாம் போக, ராணுவத்துக்கு ரகசியக் குறியீட்டு முறைகள் அமைத்தார், வயலின் வாசித்தார், துருவக் கடல்களுக்குப் போய்ப் பயண நூல்கள் எழுதினார், விலாங்கு மீனைப் பற்றி 1940இல் ஒரு புத்தகமும் போட்டார். 1941இல் எழுபது வயதைத் தாண்டிய நிலையில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி, நோயாளியாக விடுவிக்கப்பட்டு, 1943இல் பெல்கிரேடில் இறந்தார். செர்பியாவின் பிற்காலக் கணிதவியலாளர்களில் பலருடைய குரு பரம்பரை அவரிடம்தான் போய் முடிகிறது.

சரி, நீங்கள் ஆசிரியை என்பதால் ஒரு யோசனை. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கூம்பு ஒன்றை நுனி கீழாகச் சீராக இறக்கி, நீர்மட்டத்தை நேரத்தோடு சேர்த்து மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்து அதே இடத்தில் ஓர் உருளையை இறக்குங்கள். இரண்டு வரைபடங்களும் ஏன் வேறுபடுகின்றன என்று அவர்களையே கேளுங்கள்.