பழைய பைத்தானா, புதிய பைத்தானா?

(வாசகர் கேள்வி பதில். இந்த இதழில் அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி செய்யும் பைத்தான் ரிவால்வர் பற்றிய கேள்விகள் மட்டும்.)

டல்லாஸ் வாசகர்: 1970களில் செய்த, 6 அங்குல பேரல் கொண்ட பைத்தான் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அந்தப் பணத்துக்குப் புதியது இரண்டு வாங்கலாம் என்கிறார்கள். உள்ளே அப்படி என்ன வித்தியாசம்?

வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பிதான். பேரலின் மேலே துளை போட்ட பட்டை, கீழே முனை வரை ஓடும் கனம், ஆறு குண்டு சிலிண்டர், .357 மேக்னம் தோட்டா. பேரலுக்குள் இருக்கும் புரிகூட இரண்டிலும் இடப்பக்கமாக, 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பக்கத் தகட்டைக் கழற்றிய பிறகுதான் வேறு ரிவால்வர் என்று தெரியும்.

1955இல் கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பழைய பைத்தானில் ஒரே ஒரு வி வடிவப் பட்டை ஸ்பிரிங் இரண்டு வேலை பார்க்கிறது. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமரை அடிக்க வைப்பதும் அதுதான். ரீபவுண்ட் லீவர் என்ற நெம்புகோல் வழியாக ட்ரிகரை முன்னுக்குத் தள்ளுவதும் அதுதான். இதனால், ஹேமரைக் கையால் ஏற்றாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷனில் ட்ரிகரை இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போய், கடைசிக் கட்டத்தில் சட்டென்று கெட்டிப்படும். சிலிண்டரைத் திருப்பும் 'ஹேண்ட்' என்ற சின்னத் துண்டு, ட்ரிகர் முழுக்கப் பின்னால் இருக்கும்போதும் சிலிண்டரை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும். எதிரே, சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பூட்டும் போல்ட் பிடித்திருக்க, நடுவில் சிலிண்டர் அசைய முடியாமல் நிற்கும். பழைய பைத்தானுக்குப் பேர் வாங்கித் தந்த இறுக்கம் இதுதான். அதற்கான விலையும் இங்கேதான்: ஒவ்வொரு சுடலிலும் உதை அந்த ஹேண்டின் நுனியில் விழுகிறது, நுனி தேய்கிறது. உள் பாகங்கள் அரத்தால் ராவி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் ஹேண்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அப்படியே வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

2020 ஜனவரியில் வந்த புதியதில் உள் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். 14 பாகங்கள் குறைந்தன. ஸ்பிரிங் இப்போது யு வடிவம். ட்ரிகர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சீராக வருகிறது. குறிபார்க்கும் பின் சைட்டுக்குக் கீழே உள்ள ஃபிரேம் பகுதியில் உலோகம் 30 சதவீதம் கூடுதல் என்று கம்பெனி சொல்கிறது. பாகங்கள் கணினி இயந்திரத்தில் கடையப்பட்டவை. உள் பாகங்களைப் பழையதற்கும் புதியதற்கும் மாற்றிப் போட முடியாது.

வாரந்தோறும் சுடப்போகிறீர்கள் என்றால் புதியதுதான். வேகமான டபுள் ஆக்‌ஷனில் அது பழையதை விடச் சுகம். ஹேமரை ஏற்றி ஒவ்வொரு குண்டாக நிதானமாகச் சுடுவதில் நல்ல நிலையில் உள்ள பழையதன் ட்ரிகருக்கு இன்னும் ஈடில்லை. அந்தக் காலத்து 'ராயல் ப்ளூ' பளபளப்புக்கும் அப்படியே. அந்த இரண்டுக்காக வேண்டுமானால் கூடுதல் பணம் கொடுங்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: பழையதை வாங்குமுன் கடையில் நின்றபடி எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பயிற்சிக்கான போலித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பைத்தானை வெறுமனே அடித்துப் பார்ப்பது தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஃபயரிங் பின்னுக்கு நல்லதல்ல.

இப்போது ஹேமரைக் கட்டைவிரலால் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் கடைசியாக நிற்கும் இடத்துக்கு வருவதற்குள், அல்லது வரும் அதே கணத்தில், போல்ட் சிலிண்டரின் பள்ளத்தில் 'டிக்' என்று விழ வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் போல்ட் விழாமல், சிலிண்டரை விரலால் கொஞ்சம் தள்ளினால்தான் விழுகிறது என்றால் டைமிங், அதாவது சிலிண்டர் சரியான கணத்தில் பூட்டிக்கொள்ளும் ஒழுங்கு, போய்விட்டது. ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவது உண்டு. பிந்திய அறையில் குண்டு வெடித்தால் அறையும் பேரலும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும்.

அடுத்து, ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கி, ட்ரிகரைப் பின்னாலேயே அழுத்தி வைத்துக்கொண்டு சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். நல்ல பைத்தானில் அசைவே தெரியாது. ட்ரிகரை விட்டபின் இலேசான ஆட்டம் இருந்தால் அது இயல்பு.

மூன்றாவது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையே அளவெடுங்கள். 0.004 முதல் 0.006 அங்குலம் என்றால் அருமை. 0.003க்குக் கீழே போனால் புகைக்கரி படிந்ததும் சிலிண்டர் உரசும், 0.010ஐத் தாண்டினால் வேகமும் வீண், பொறியும் அதிகம். பிறகு சிலிண்டரை முன்னுக்குத் தள்ளி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.003 அங்குலத்துக்கு மேல் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம், அல்லது நடையைக் கட்டலாம்.

கடைசியாகக் கண் வேலை. பக்கத் தகட்டுத் திருகுகளின் தலை சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே போயிருக்கிறது. திருகுத் துளைகளின் விளிம்பு மழுங்கி, குதிரை முத்திரையும் எழுத்துகளும் மங்கியிருந்தால் மெருகு போட்டு மறுபூச்சு செய்த துப்பாக்கி அது. சுடுவதற்கு அதில் குறையில்லை. ஆனால் சேகரிப்பாளர் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு கட்டணம் வாங்கிக்கொண்டு, சீரியல் எண்ணை வைத்து அது எந்தப் பூச்சில் எப்போது அனுப்பப்பட்டது என்று கடிதம் தரும். அரிய வகை என்று யாராவது சொன்னால் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: புதியதில் குறையே கிடையாதா?

உண்டு. 2020இல் வந்த முதல் தொகுதிகள் சிலவற்றில் சிலிண்டர் திரும்பாமலேயே ஹேமர் விழுந்ததாகப் புகார்கள் வந்தன. பின் சைட் தளர்வாக ஆடுகிறது என்பது இன்னொரு புகார். சுடுபவர்கள் பலர் அதை வேறு கம்பெனி சைட்டாக மாற்றிக்கொள்கிறார்கள். பக்கத் தகட்டுத் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று சுட்டு முடித்ததும் பார்ப்பது நல்ல வழக்கம். திருகுக்குச் சரியாகப் பொருந்தும் முனையைப் பயன்படுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம்.

டொரண்டோ வாசகர்: பழையது 4 அங்குலம், புதியது மட்டும் ஏன் 4.25?

உங்கள் நாட்டுச் சட்டத்தால்தான். கனடாவில் 105 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான பேரல் கொண்ட கைத்துப்பாக்கி தடைப் பட்டியலில் சேரும். 4 அங்குலம் 101.6 மி.மீ.; 4.25 அங்குலம் கிட்டத்தட்ட 108 மி.மீ. இவ்வளவு யோசித்துச் செய்தும், 2022 அக்டோபரில் அங்கே கைத்துப்பாக்கி விற்பனையே முடக்கப்பட்டது வேறு கதை.

சான் ஹோசே வாசகர்: .38 ஸ்பெஷல் நிறையச் சுட்ட பிறகு .357 உள்ளே போக மறுக்கிறது. சில நேரம் ட்ரிகரும் பாதியில் கனக்கிறது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

இரண்டுமே அழுக்குதான், பழையது புதியது என்ற பேதமில்லை. இதே துப்பாக்கியில் சுடக்கூடிய .38 தோட்டாவின் கேஸ் (உலோகக் கூடு) நீளம் 1.155 அங்குலம், .357க்கு 1.29. குட்டைக் கேஸ் முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையமாகப் படியும். நீளக் கேஸ் அதில் போய் முட்டுகிறது. அழுத்தித் திணிக்காதீர்கள். சால்வென்ட் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, வெண்கல பிரஷ்ஷால் ஒவ்வொரு அறையையும் தேயுங்கள்.

ட்ரிகர் கனப்பதற்குக் காரணம் பெரும்பாலும், காலிக் கேஸ்களை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் இருக்கும். வேகாத வெடிமருந்துத் துகள் ஒன்றே ஒன்று அங்கே சிக்கினாலும் நட்சத்திரம் முழுக்க அமராமல் தூக்கி நிற்கும், சிலிண்டர் பின்தகட்டில் உரசும். காலிக் கேஸ்களைக் கொட்டும்போது குழல் வாயை வானத்தைப் பார்க்கப் பிடித்து எஜெக்டரை ஒரே அடியாக அடித்தால் துகள் கீழே விழுந்துவிடும். குழலைக் கீழ்நோக்கிப் பிடித்தால் நேராக நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்காரும். பையில் ஒரு பழைய டூத் பிரஷ் போட்டுக்கொள்ளுங்கள்.

சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டைச் சுண்டிச் சிலிண்டரை மூடுபவர் கையில் மட்டும் எந்த பைத்தானையும் கொடுக்காதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் கிரேன் வளைந்தால் ஆறு அறையின் டைமிங்கும் சேர்ந்து போகும்.

கோவை வாசகர்: இந்தியாவில் உரிமம் இருந்தால் பைத்தான் வாங்கலாமா?

தனிநபர் இறக்குமதி 1980களிலிருந்தே அடைபட்டுக் கிடப்பதால், நடைமுறையில் முடியாது. உரிமம் உள்ளவர்கள் இங்கே வாங்குவது பெரும்பாலும் .32 ரிவால்வர். கான்பூரில் அரசு ஆலை செய்துவரும் .32, பிரிட்டனின் வெப்லி மார்க் 4 வழி வந்தது: மேலே கொக்கியைத் தள்ளி, நடுவில் மடித்துத் திறக்கும் ரகம். 2023இல் அதே ஊரிலிருந்து வந்த 'பிரபல்' மாதிரியில் சிலிண்டர் பைத்தானைப் போலப் பக்கவாட்டில் வெளியே வரும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம்.

சிகாகோ வாசகர்: நிக்கல் பூச்சு உள்ள பழைய பைத்தானைப் பராமரிப்பது எப்படி?

அம்மோனியா கலந்த சால்வென்ட்டை அண்டவிடாதீர்கள். நிக்கலுக்கு அடியில் செம்புப் படலம் இருந்தால், கீறல் வழியாக அம்மோனியா இறங்கி அதை அரிக்கும், நிக்கல் உரிந்து வரும். தோல் உறையில் போட்டுப் பெட்டியில் வைப்பதும் தவறு. தோல் பதனிடும் உப்பும் ஈரமும் ப்ளூ பூச்சு, நிக்கல் இரண்டையும் கெடுக்கும். மெல்லிய எண்ணெய் தடவிய துணியால் துடைத்து, சிலிக்கோன் தடவிய துணி உறையில் வையுங்கள். புதிய ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பைத்தானுக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம், ஆனால் வியர்வைக் கையோடு அப்படியே பூட்டி வைத்தால் அதிலும் துருப்புள்ளி வரும்.