கட்டிலை ஏன் நகர்த்தினீர்கள்?

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. பள்ளியை நிறுத்திவிட்டு, கதைப் புத்தகங்களை வைத்தே சொல்லித்தரும் கிறிஸ்தவப் பாடத்திட்டத்தை வீட்டிலேயே தொடங்கப்போகிறோம். அமெரிக்காவின் சோன்லைட்டைக் காசு கொடுத்து வாங்குவதா, இலவசமான ஆம்பிள்சைடு ஆன்லைன் போதுமா? புத்தக அலமாரிக்காக மாமியார் கட்டிலைக்கூட ஹாலுக்கு மாற்றியாயிற்று. விடியற்காலையில் அவர் சத்தமாக வேதம் வாசிப்பதுதான் தொந்தரவு.
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பாடத்திட்டம் அப்புறம். முதலில் அந்தக் கட்டில்.

நீங்கள் சொன்ன இரண்டுக்கும் உயிர்நாடி ஒன்றுதான். வீட்டுப் பெரியவர் சத்தமாக வாசிக்க வேண்டும், குழந்தை கேட்க வேண்டும். ஆம்பிள்சைடு பின்பற்றுவது ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனின் (1842-1923) வழி. அதில் ஒருமுறைதான் வாசிப்பார்கள். கேட்டதைக் குழந்தை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். வாசிக்கிற ஆள் உங்கள் வீட்டில் விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அவரைத்தான் போவோர் வருவோர் நடக்கிற ஹாலில் படுக்க வைத்திருக்கிறீர்கள். கேட்டால் தொந்தரவு என்கிறீர்கள்!

எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்லும் வேதக் கட்டளையை எந்த முகத்தோடு மகளுக்குச் சொல்லித்தருவீர்கள்? வேதத்தில், தன் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் முதலில் பெயர் சொல்வது பாட்டி லோவிசாளை. அம்மா ஐனிக்கேயாள் அடுத்துதான். உங்கள் வீட்டுக்காரர் இதற்கு எப்படித் தலையாட்டினார் என்பது இன்னொரு கேள்வி.

உங்கள் வேலூரில் 1900-இல் ஒரே ஒரு கட்டில் போட்டு டாக்டர் ஐடா ஸ்கடர் வைத்தியம் தொடங்கினார். நீங்கள் ஒரு கட்டிலை வெளியே தள்ளிப் பள்ளிக்கூடம் தொடங்குகிறீர்கள்.

சரி, கேட்டதற்கும் சொல்கிறேன். சோன்லைட் வெளிநாடுகளில் இருக்கும் மிஷனெரிக் குடும்பங்களை மனதில் வைத்துத் தொடங்கியதுதான். ஆனாலும் அமெரிக்காவிலிருந்து பெட்டி வந்து இறங்குவதற்குள் பணம் கரைந்துவிடும். இலவசமானதை ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். அதிலும் புத்தகங்கள் ஆங்கிலம்தான், தமிழுக்கு மாமியார் இருக்கிறார். வீட்டில் படிக்கிறவர்களும் எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிறைய வேண்டும். ஏழு வருடம் இருக்கிறது, என்ன அவசரம்?

இன்று சாயங்காலமே அலமாரியை ஹாலுக்குத் தள்ளிவிட்டுக் கட்டிலை உள்ளே போடுங்கள். 'தொந்தரவு' என்ற சொல் அவர் காதில் விழுந்திருந்தால் மன்னிப்பும் கேளுங்கள். நாளைக் காலை மகள் பாட்டி பக்கத்தில் உட்காரட்டும். நீங்கள் தோசை ஊற்றும்போது, என்ன கேட்டாள் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.