கேள்வி-பதில்: "அவர் டைப்பே அப்படித்தான் டாக்டர்!"

"என் கணவர் இன்ட்ரோவர்ட். ஆபீஸ் விட்டு வந்தால் ஒரு மணி நேரம் வாயே திறக்கமாட்டார். என்மேல் பிரியம் குறைந்துவிட்டதா?"

அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கே விட்டுவிடுங்கள். ராத்திரி சாப்பிட உட்காரும்போது பேசுகிறார் என்றால் கவலையே வேண்டாம்.

"சண்டை வந்தால் எனக்கு உடனே பேசித் தீர்க்க வேண்டும். மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் விடாமல் தட்டுவேன்."

தட்டாதீர்கள். ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் இன்னும் விலகிப்போவார். நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது; அடங்க 20 நிமிடமாவது ஆகும். மனைவியிடமும் இதைக் காட்டுங்கள்: உள்ளே போகும்முன் "எட்டு மணிக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்லாமல் போவதுதான் உங்களைப் பதற வைக்கிறது.

"ஆன்லைன் குணநல டெஸ்ட்டில் என் பெண்ணுக்கு ஐஎன்எஃப்ஜே, பையனுக்கு ஈஎஸ்டிபி. ஜாதகத்தில் பத்துக்கு எட்டு. நிச்சயம் பண்ணலாமா?"

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பெண் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. இருவரும் தனியாகப் பேசினார்களா என்றும் இல்லை. இப்படி எழுதினால் எப்படிப் பதில் சொல்வது?

மனிதர்களை 16 வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நாலெழுத்துப் பெயர் வைக்கும் இந்த டைப் சமாச்சாரம், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் எழுதிய நூலை வைத்து அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் உருவாக்கியது. இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். எந்தக் குணத்திலும் நம்மில் பெரும்பாலோர் நடுவாந்திரம். நூற்றுக்கு 49 வாங்கியவருக்கு ஓர் எழுத்து, 51 வாங்கியவருக்கு எதிர் எழுத்து என்றால் அதில் என்ன அர்த்தம்? ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதினால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது.

என் ஆதங்கம் வேறு. கல்யாணத்துக்கு எது முக்கியமோ, அதை அந்த நாலெழுத்து அளப்பதே இல்லை. 1930-களில் நிச்சயமான சுமார் 300 ஜோடிகளை அமெரிக்காவில் 1980-கள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். மணவாழ்க்கை கசந்த இடங்களில் தூக்கலாகத் தெரிந்தவை இருவரின் மனக்கொந்தளிப்பும், ஆணின் கட்டுப்பாடற்ற சுபாவமும். சின்ன விஷயத்துக்கு எவ்வளவு கொதிக்கிறார், எவ்வளவு நேரத்தில் தணிகிறார் என்பதை நாலைந்து முறை பழகித்தான் தெரிந்துகொள்ள முடியும். பத்தாவது தடவையாக எழுதுகிறேன்: எழுத்தைப் பார்க்காதீர்கள், நடத்தையைப் பாருங்கள். அவர்களைப் பேசவிடுங்கள். நிச்சயதார்த்தம் மூன்று மாதம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.

"அவர் பதில் மெசேஜ் போட அரை மணி தாமதமானாலும் எனக்கு அழுகை வருகிறது. ஆங்சியஸ் அட்டாச்மென்ட்டாம். மாறுமா?"

துணை விட்டுப்போய்விடுவாரோ என்று ஓயாமல் பதறுவதற்குத்தான் அந்தப் பெயர். மாறும். சொன்ன நேரத்துக்குப் பேசுகிற, சொன்னபடி நடக்கிற துணை அமைந்தால், சில வருடங்களில் நன்றாகவே தணியும். அவர் வேலை நேரத்தில் மட்டும் உங்கள் போனை இன்னொரு அறையில் வைத்துப் பழகுங்கள்.

"அவர் டைப் ஏ. கோபம் வந்தால் கை நீளும். குணமே அதுதான் என்று பொறுத்துப்போகிறேன்."

பொறுக்காதீர்கள் அம்மா. டைப் ஏ என்பது 1950-களில் இரண்டு இதய மருத்துவர்கள் இதய நோயை ஆராய்ந்து சொன்னது. எப்போதும் அவசரம், போட்டி, எரிச்சல். அடிப்பது அதில் சேராது. ஆபீஸில் மேலதிகாரி திட்டும்போது அவர் கை நீள்கிறதா? அங்கே அடங்குகிற கையை, நினைத்தால் வீட்டிலும் அவரால் அடக்க முடியும். எழுத்தைப் பார்க்காதீர்கள், நடத்தையைப் பாருங்கள். ஊர் பெயரை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். உங்களை யாரிடம் அனுப்புவது என்று தெரியவில்லை. தமிழ்நாட்டில் இருந்தால் பெண்கள் உதவி எண் 181, இரவிலும் எடுப்பார்கள். அம்மா வீட்டுக்கோ நம்பகமான ஒருவருக்கோ இன்றே விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.