தாழி திறக்கும் நாள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். லிஸ்பனில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க நானும் என் மனைவியும் வரும் நவம்பர் தொடக்கத்தில் போகிறோம். இரண்டு வாரம் தங்கப் போகிறோம். எங்களுக்காக அவள் ஒரு நாள் பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கிறாள். 8 பேர் மட்டும் உள்ள சிறு குழுவாம். எவோரா என்ற நகருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், மண் சாடியில் ஒயின் செய்யும் பழைய முறையையும் அந்த ஊர்ச் சமையலையும் காட்டுவார்களாம். நீங்கள் அந்தப் பகுதிக்குப் போய்வந்ததாக முன்பு இரண்டு வரி எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன். நான் வேளாண்மைத் துறையில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாங்கள் இருவரும் சைவம், மதுவைத் தொட்டதில்லை. எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் அவர்கள் தப்பாக நினைப்பார்களா? பாரம்பரியம் என்று காட்டுவதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்காகப் போடும் வேஷமோ என்றும் ஒரு சந்தேகம். மகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ஒரு வாசகர்,
கும்பகோணம்

அன்புள்ள ஐயா,

வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவசியம் போங்கள். தேதியை மட்டும் மாற்ற முடியுமா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் போனால் சாடிகள் மூடியே இருக்கும். நவம்பர் 11-ஆம் தேதியோ அதற்கு ஓரிரு நாள் கழித்தோ கிடைத்தால் மிக நல்லது. காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் போகப் போவது அலென்தேஜு. போர்ச்சுகலின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு பகுதிதான். எவோராவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் போனால் விடிகெய்ரா என்ற சிறு நகரமும், அதை ஒட்டி விலா டி ஃப்ராடெஸ் என்ற கிராமமும் வரும். மண் சாடி ஒயின் என்றாலே அங்கே எல்லாரும் சொல்லும் ஊர் அது. சாடிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தால்யா. முதல் முறை கேட்டபோது என் காதில் தாழி என்றே விழுந்தது. இரண்டு சொல்லுக்கும் உறவு கிடையாது, ஒலிதான் ஒத்துப்போகிறது. பொருளும் ஒன்றாகவே இருப்பதால் அன்றிலிருந்து எனக்கு அது தாழிதான். இந்தப் பதிலிலும் அப்படியே எழுதுகிறேன்.

தாழிகள் ஆள் உயரம் இருக்கும், சில அதற்கும் மேல். பெரியவை ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும். அவ்வளவு பெரிய பானையை ஒரே மூச்சில் வனைய முடியாது. மண்ணைத் திரித்து வளையமாக அடுக்கி, கீழே உள்ளது இறுகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த வளையம். பெரிய தாழி செய்யத் தெரிந்த குயவர்கள் இன்று அங்கே அருகிவிட்டார்கள். அதனால் இருப்பதைக் கண் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் போன வீட்டில், விரிசல் விட்ட ஒரு தாழியை இரும்புக் கொக்கிகளால் தைத்து வைத்திருந்தார்கள். அதிலும் அந்த ஆண்டு ஒயின் இருந்தது.

சுட்ட மண் கசியும் அல்லவா? அதனால் உள்ளே பைன் மரப் பிசினைப் பூசுகிறார்கள். தாழியைக் கவிழ்த்து நெருப்பில் சூடேற்றி, உருகிய பிசினை உள்ளே விட்டுச் சுவரெங்கும் படியும்படி உருட்டுவார்கள். சில குடும்பங்கள் அதில் தேன்மெழுகும் சேர்க்கும்.

ஒயின் செய்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் தொழிலுக்கு இது பிடிக்கும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் திராட்சை அறுப்பு. மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த ஒரு பலகை இருக்கிறது, பெயர் ரிபான்சு. குலைகளை அதன் மேல் போட்டுக் கையால் தேய்த்தால் பழம் கீழே விழும், காம்பு மேலே நின்றுவிடும். நசுங்கிய பழம், தோல், விதை, கூடவே கொஞ்சம் காம்பு, எல்லாம் தாழிக்குள் போகும். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பழத்தோடு வந்ததே ஓரிரு நாளில் வேலையைத் தொடங்கிவிடும், நம் வீட்டு தோசை மாவு தானாகப் பொங்குவது போல. பொங்கும்போது எழும் கரியமில வாயு, தோல்களை மேலே தள்ளிக் கெட்டியான ஏடாக்கிவிடும். அதை உடைத்து உள்ளே அமுக்கவில்லை என்றால் அடியில் வாயு திரண்டு தாழியே வெடித்துவிடும். அப்படி வெடித்த கதைகள் அந்த ஊர்களில் உண்டு. அதனால் ரோது என்ற நீண்ட மரத்தடியால் தினமும் இரண்டு மூன்று வேளை ஏட்டை அமுக்குகிறார்கள். வெக்கை கூடினால் தாழியின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீடு மாதிரி, அந்த நாட்களில் யாரும் வெளியூர் போவதில்லை என்று எங்களைக் கூட்டிப்போன பெண் சொன்னார்.

பொங்கி அடங்கியதும் தோலும் விதையும் தாமாகவே கீழே படியும். பிறகு மேலே ஆலிவ் எண்ணெயை ஒரு படலமாக ஊற்றிக் காற்றை அடைப்பார்கள். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே காரணம்தான்.

நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். அன்றுதான் தாழியைத் திறப்பது. அடிப்பக்கம் இருக்கும் துளையில் ஒரு குழாயை அடித்து இறக்குவார்கள். முதலில் கலங்கலாக வரும், அதைத் திரும்ப மேலேயே ஊற்றிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்து இறங்கத் தொடங்கும். அடியில் படிந்த தோலும் காம்பும்தான் வடிகட்டி. காம்பை ஏன் விட்டு வைத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு மாதம் கழித்து நடக்கப்போகும் வேலைக்கு முதல் நாளே ஏற்பாடு செய்திருக்கிறார்கள்! ‘மார்ட்டின் திருநாளில் அடெகாவுக்குப் போ, ஒயினை ருசி பார்’ என்று அங்கே பழமொழியே இருக்கிறது. அடெகா என்றால் ஒயின் செய்து வைக்கும் கொட்டகை. இந்த ஒயினுக்கென்று 2010-இல் தனி விதிகள் வந்தபோதும், நவம்பர் 11 வரை தோலோடு தாழியிலேயே இருக்க வேண்டும் என்பதை அதில் எழுதி வைத்தார்கள். தேதியை மாற்றச் சொன்னது இதற்காகத்தான்.

வேஷமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் அலென்தேஜுவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 40 பேர் கொண்ட பேருந்துப் பயணம். ஒரு பெரிய ஆலையில் எங்களை இறக்கி, வரிசையில் நிற்க வைத்து, கையில் கோப்பையைக் கொடுத்து, அரை மணியில் கடைக்குள் தள்ளிவிட்டார்கள். மண் தாழிகள் வாசலில் பூச்செடி வைக்கப் பயன்பட்டன. அன்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். இரண்டாம் முறை 7 பேர், ஒரு வேன். நாங்கள் போனது ஒரு வீட்டின் பின்கட்டு. தரை ஈரமாக இருந்தது, சுவரில் ரோதுகள் சாய்ந்திருந்தன. வீட்டுக்காரர் ஒவ்வொரு தாழியையும் விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பேசினார். எட்டாவது ஆள் வந்திருந்தால் நிற்க இடம் இல்லை. சிறு குழு என்பது வெறும் சொகுசு என்று நினைக்காதீர்கள். வேலை நடக்கிற இடத்துக்குள் அத்தனை பேர்தான் போக முடியும்.

அந்த ஊர் வரலாற்றையும் சொல்ல வேண்டும். விலா டி ஃப்ராடெஸ் பக்கத்தில் சாவ் குகுஃபாத்தே என்ற இடத்தில் ரோமர் கால மாளிகையின் இடிபாடு நிற்கிறது. சாடியில் ஒயின் செய்யும் வழக்கம் அந்தக் காலத்திலிருந்து வருவது. நேரம் இருந்தால் அங்கேயும் நிறுத்தச் சொல்லுங்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் பெரிய அடி விழுந்தது. 1929-இல், சர்வாதிகாரி சலசார் பிரதமராவதற்குச் சற்று முன், அரசு தொடங்கிய கோதுமை இயக்கம் அலென்தேஜுவை நாட்டின் நெற்களஞ்சியமாக, அதாவது கோதுமைக் களஞ்சியமாக, ஆக்கப் பார்த்தது. 1950களிலும் 60களிலும் கூட்டுறவு ஆலைகள் வந்து, திராட்சையை மொத்தமாக வாங்கிப் பெரிய தொட்டிகளில் ஒயின் செய்தன. சந்தைக் கணக்கில் தாழி தோற்றுவிட்டது. ஆனால் வீடுகளில் அது நிற்கவில்லை. தங்களுக்குக் குடிக்க, வந்தவர்களுக்கு ஊற்ற, தெருவில் இருக்கும் தவெர்னா என்ற சிறு மதுக்கடையில் விற்க என்று செய்துகொண்டே இருந்தார்கள். யாரும் பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. அது அவர்கள் வீட்டுப் பழக்கம். அருங்காட்சியகம் வைத்துக் காப்பாற்ற முடியாததை அந்த அன்றாடப் பழக்கம் காப்பாற்றியது என்பது என் உறுதியான எண்ணம். இன்று உங்களைப் போல் வருகிறவர்கள் கொடுக்கும் பணமும் அதற்கு உதவுகிறது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

விடிகெய்ராவில் நமக்கு இன்னொரு நெருடலும் உண்டு. 1519-இல் வாஸ்கோ ட காமாவுக்கு விடிகெய்ரா பிரபு என்ற பட்டம் கொடுக்கப்பட்டது. 1524-இல் கொச்சியில் இறந்த அவரது எச்சங்கள் பிறகு அந்த ஊருக்குத்தான் போயின. லிஸ்பனில் இருக்கும் ஜெரோனிமோஸ் மடத்துக்கு மாற்றியது 1880-இல். மலபார்க் கரையில் 1502-இல் யாத்திரிகர்கள் நிறைந்த கப்பலை எரித்தவர் அவர். அதை மறந்துவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டு அடெகாவின் மூலையில் கிடந்த மரப் பீப்பாயைக் காட்டி வீட்டுக்காரர் ‘பீப்பா’ என்று சொன்னபோது நான் சற்று நின்றுவிட்டேன். பீப்பாய், மேசை, சாவி, ஜன்னல் எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்தவை. யாழ்ப்பாணத்தில் ரொட்டியைப் பாண் என்கிறார்களே, அதுவும் அவர்களுடையதுதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் மனைவியாருக்கு அங்கே ஒன்றைக் காட்ட ஆசைப்படுகிறேன். பூண்டு, கல்லுப்பு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை மூன்றையும் உரலில் போட்டு இடிப்பார்கள். ஐரோப்பாவில் கொத்தமல்லித் தழையை இவ்வளவு தாராளமாகப் போடும் ஊர்கள் குறைவு. அந்த மணம் எழும்போது நம் அடுக்களையில் துவையல் அரைப்பது போல் இருக்கும். அதன் மேல் ஆலிவ் எண்ணெய், கொதிக்கும் நீர், கடைசியில் பழைய ரொட்டித் துண்டுகள். இதுதான் அசோர்டா. அரபு மொழியிலிருந்து வந்த பெயர். பெரிய பண்ணைகளில் நாள் கூலிக்கு வேலை செய்தவர்களின் சாப்பாடு. காய்ந்த ரொட்டியை வீணாக்காமல், தண்ணீரும் தழையும் கொண்டு ஒரு வேளைப் பசியை ஆற்றியிருக்கிறார்கள். பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எச்சரிக்கை. பல வீடுகளில் வெறும் நீருக்குப் பதில் கருவாட்டு மீன் வேக வைத்த நீரை ஊற்றுவார்கள். மேலே முட்டையும் இருக்கும். மீகாஷ் என்ற இன்னொரு ரொட்டிப் பண்டத்தில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேரும், அதைத் தவிருங்கள். மீன் நீர், முட்டை, கொழுப்பு மூன்றும் வேண்டாம் என்று இரண்டு நாள் முன்பே மகளை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். சைவம் என்று ஒரு சொல்லில் சொன்னால் மீன் வந்துவிடலாம். இனிப்புகளில் முட்டை இல்லாதது அபூர்வம். வறுத்த கஷ்கொட்டை கிடைக்கும், மார்ட்டின் திருநாளுக்கு அதுதான் விசேஷம். விறகடுப்பில் சுட்ட புளிப்பு மாவு ரொட்டி, ஆலிவ் காய், எண்ணெய் இவையே வயிறு நிறையப் போதும்.

பாலாடைக்கட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பக்கத்து செர்பா பாலாடைக்கட்டியில் அது கிடையாது. செம்மறிப் பாலை உறைய வைப்பது கார்து என்ற முட்செடியின் ஊதாப் பூ. இழைகளைக் காயவைத்து, நீரில் ஊறவைத்து, அந்த நீரைப் பாலில் விடுகிறார்கள். லேசான கசப்பு தெரியும். செடியைக் காட்டச் சொல்லுங்கள், உங்களுக்கு அது ஒரு மணி நேரப் பேச்சு.

குடிக்காவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதே அந்தத் தொழிலில் சாதாரணம். காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கோப்பையை வாங்கி முகர்ந்து பாருங்கள், வெள்ளைத் திராட்சையில் செய்தும் ஏன் தேன் நிறம் என்று கேளுங்கள். தோலோடு இரண்டு மாதம் ஊறியதால்தான். எங்கள் குழுவிலும் குடிக்காத பெண் ஒருவர் இருந்தார். அதிகம் கேள்வி கேட்டதும், வீட்டுக்காரர் அதிகம் பேசியதும் அவரிடம்தான்.

மாலையில் தவெர்னாவில் சிலர் கூடிப் பாடினால் உடனே கிளம்பிவிடாதீர்கள். வாத்தியம் இல்லாமல், ஒருவர் தொடங்க, இன்னொருவர் உச்சத்தில் ஏற்றிக் கொடுக்க, மற்றவர்கள் மெதுவாகச் சேர்ந்துகொள்ளும் பாட்டு அது. கான்தே என்பார்கள். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வயல் வேலைக்காரர்களிடம் இருந்த பாட்டு. வேன் ஓட்டுநரிடம் அரை மணி கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நவம்பரில் அடெகாவுக்குள் குளிரும், தரை ஈரமாக இருக்கும். கம்பளிச் சட்டையும் வழுக்காத செருப்பும் எடுத்துப் போங்கள். போய்வந்ததும் எழுதுங்கள். அந்த அசோர்டாவைப் பற்றி உங்கள் மனைவியார் என்ன சொன்னார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்