நந்தினியின் வாய்

வணக்கம் ஐயா,

வீட்டில் அம்மா பார்ப்பதால் நானும் சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ சீரியலைப் பார்த்தேன். இப்போது இரண்டாம் பாகமும் ஓடுகிறது. படித்த பெண்ணான ஜனனி உட்பட நான்கு மருமகள்களும் ஏன் அந்த வீட்டிலேயே கிடந்து அவமானப்பட வேண்டும்? ஒரே காட்சியை மூன்று நாள் இழுக்கிறார்கள். நடிகர்களை மாற்றுகிறார்கள். வீட்டையே மிரட்டி ஆளும் மூத்தவர் குணசேகரனாக நடித்த மாரிமுத்து மறைந்தபின் கதை தடுமாறியது. அந்தக் குணசேகரன் மாதிரி ஒரு ஆளை மக்கள் கொண்டாடியதும் நெருடுகிறது. நம் சீரியல்களில் பாத்திரப் படைப்பு என்று ஒன்று இருக்கிறதா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

சீரியல் பற்றி எனக்கு எழுதும் ஆண்கள் எல்லாருக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவர்தான் பார்க்கிறாராம், இவர்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். ஆனால் எந்த மருமகள் எந்தத் தம்பியின் மனைவி என்பது வரை துல்லியமாகத் தெரிகிறது. நீங்கள் பார்க்கிறீர்கள் தம்பி. பார்க்கிறேன் என்றே சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

நடிகர் மாற்றத்தை விடுங்கள். ‘அவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பது நேற்று வந்த பழக்கமா? இழுவையும் அப்படித்தான். வியாழக்கிழமை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற டிஆர்பி கணக்கு வந்ததும் கதையின் ட்ராக்கை மாற்றுவார்கள், நாளைக்கு யாருடைய கால்ஷீட் இருக்கிறதோ அவரை வைத்து சீன் எழுதுவார்கள். மருமகள்கள் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்றால், போய்விட்டால் மறுநாள் எங்கே ஷூட்டிங் வைப்பது?

குணசேகரன் விஷயம் வேறு. அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சீரியலை நம் வீடுகளில் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். ‘மெட்டி ஒலி’ ஓடிய காலத்தில் எங்கள் அத்தை அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே கேட்பாள். பின்னணி இசை உச்சத்துக்குப் போனால் மட்டும் கரண்டியோடு நிலைப்படிக்கு வருவாள். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் பேசும்போது ‘உச்’ கொட்டுவதோடு சரி. அந்த ஐவரில் ஒருத்தியான சரோவின் மாமியார் வாயைத் திறந்தால் போதும், அங்கிருந்தே பதில் பறக்கும். கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது அத்தையின் சொந்த மாமியார், எங்கள் ஆச்சி. “அவ கேட்டதுல என்னடி தப்பு?” என்று ஆச்சி திரும்பிப் பார்க்காமல் சொல்வாள். வருடக்கணக்காக அந்த வீட்டில் பேசாமல் இருந்ததையெல்லாம் இரண்டு பேரும் அந்த அரை மணி நேரத்தில் பேசித் தீர்த்தார்கள். நல்லவளான சரோவின் பேச்சு அவர்கள் சண்டையில் ஒருநாளும் அடிபட்டதில்லை. மேற்கோள் காட்ட அவளிடம் என்ன இருந்தது?

குறை இங்கேதான் இருக்கிறது. கெட்டவர்களுக்கு ஊர், நக்கல், சொலவடை, சாப்பாட்டு ருசி எல்லாம் எழுதிக் கொடுப்பார்கள். நல்லவர்களுக்கு நல்ல குணத்தை மட்டும் கொடுத்து, கூடவே பொங்கி எழும் ஒரு நீண்ட வசனத்தையும் கையில் திணித்துவிடுவார்கள். ‘எதிர்நீச்சல்’ இயக்குநர் திருச்செல்வத்தின் முந்தைய தொடரான ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை ஓடியது. நாயகி அபி நல்லவள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வில்லன் ஆதி எப்படிப் பேசுவான் என்பது காதிலேயே இருக்கிறது.

மாரிமுத்து தேனிப் பக்கத்துக்காரர், அவரே படம் இயக்கியவர். அந்த “ஏய்... இந்தாம்மா”வில் மண்ணும் திமிரும் சேர்ந்தே வந்தன. மக்கள் கொண்டாடியது ஆணாதிக்கத்தை என்று நீங்கள் முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். அந்தத் தொடரிலேயே முழு ஆளாகப் பேசிய ஆண் அவர் ஒருவர்தான். 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசும்போது நெஞ்சுவலி வந்து, அன்றே போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த வேல ராமமூர்த்தியைக் குறை சொல்லாதீர்கள். அவர் எழுத்தாளர், தனக்கென்று ஒரு பேச்சு உள்ளவர். இன்னொருவர் நாக்குக்குப் பழகிய வசனத்தை அவரிடம் கொடுத்தால் என்ன செய்வார்?

நந்தினியை மட்டும் நீங்கள் கவனிக்கவே இல்லை. நான்கு மருமகள்களில் அவளுக்குத்தான் வாய் இருக்கிறது. சமையற்கட்டில் நின்றுகொண்டு, சத்தம் போடாமல், குணசேகரன் பேசிய பேச்சையே திருப்பி அவர் மேல் வீசுவாள். நந்தினியாக நடிக்கும் ஹரிப்ரியா அதைச் சொல்கிற விதத்தில், அழுகைக் காட்சியில்கூட ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். ஜனனி சொல்வதெல்லாம் நியாயம்தான். ஆனால் அதை மேடையில் யார் வேண்டுமானாலும் பேசலாம்.

அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். ஜனனி பேசியதில் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் நந்தினி பேசியதில் ஒன்று. அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.